சுழி

பெரம்பூர் லோகோ ஷெட்டிலிருந்து
லாரி லாரியாய்ச் சாம்பல் வந்தது.
ரயில்கள் தின்று துப்பிய கரி.
பரப்பித் தண்ணீர் தெளித்து
ரோலர் ஏற்றி இறக்கி
வட்டம் போட்டார்கள்,
ஓட்டேரிக்கு வடக்கே,
பட்டாளம் பிடுங்கிப்போன கூடார முளைகளின்
குழிகூட மூடாத பொட்டலில்.

நாற்பத்தாறு.
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை
ஊர் சுரண்டி முடித்திருந்தது.

வண்டிகளும் பட்டாளத்தினுடையவைதான்.
டிஸ்போசல் ஏலத்தில் எடுத்த நார்ட்டன், பி.எஸ்.ஏ.
பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில் மணல் நிறம்,
அதற்கும் அடியில்
ஆணியால் கீறிய ஏதோ ஒரு பெண்பெயர்.
லைட்டைக் கழற்று, மட்கார்டைக் கழற்று,
பிரேக்கையும் கழற்று என்றது விதி.
நிற்கத் தெரியாத வண்டிகளுக்கு
இடப்பக்கம் மட்டும் திரும்பத் தெரிந்தது.

நான் ஓட்டியவன் இல்லை.
வாரம் முழுக்க ரேஷன் ஆபீசில் அவுன்ஸ் எழுதினேன்.
சனிக்கிழமை சாயங்காலம்
கரும்பலகையில் புள்ளி எழுதினேன்.
முதலில் வந்தவனுக்கு மூன்று,
அடுத்தவனுக்கு இரண்டு, அப்புறம் ஒன்று,
கடைசிக்குச் சுழி.
நாலு பேர், நாலு சுற்று,
ஒரு வெற்றிலை மடிப்பதற்குள் முடிந்துவிடும்.
ஆமணக்கெண்ணெய் எரியும் வாடைக்கு
பேதி மருந்து குடித்த ஞாபகத்தில்
மூக்கைப் பிடித்துக்கொண்டே கத்துவார்கள் பையன்கள்.

பெரம்பூருக்கு ஓட்டிய தணிகாசலம்
பகலில் தான் வாரிய சாம்பலின் மேலேயே
சாயங்காலம் விழுந்து எழுந்தான்.
வேப்பேரியின் கிளாரன்ஸ் ரெபெய்ரோ
வளைவில் சாய்ந்தால்
லாடம் அடித்த இடது பூட்ஸ் பொறி கிளப்பும்.
கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டான் என்று பேச்சு.
ராயபுரம் ஜமாலுதீன் பேசவே மாட்டான்.
ஜெயித்தாலும்
வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரமாய் நிறுத்தி
செயினைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

பெட்ரோல் கூப்பன் இல்லாமல் இரண்டு வாரம் போனது.
அக்னி நட்சத்திரத்தில் சாம்பல் பறந்து
பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே நிறமானார்கள்.
மவுண்ட் அணி பாதியிலேயே கலைந்தது,
ஓட்டியவர்களில் மூன்று பேரை
பெங்களூருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஐப்பசி மேகம் கட்டியிருந்த அன்று கடைசிப் பந்தயம்.
ராயபுரமும் வேப்பேரியும் சமம்,
மிச்சம் ஒரே ஓட்டம்.
மூன்றாம் சுற்றில் ரெபெய்ரோ சறுக்கினான்.
குறுக்கே கிடந்தான்.
பின்னால் ஒரு முழம் விட்டு ஜமாலுதீன்.
உள்பக்கம் இடம் இருந்தது என்கிறார்கள் சிலர்.
இருந்திருக்கலாம்.
நான் பார்த்தது:
அவன் வண்டியைத் தரையில் படுக்கப்போட்டான்,
பாய் விரிக்கிற மாதிரி.
அதோடு சேர்ந்து
வேலிவரை இழுபட்டுப் போனான்.

ரெபெய்ரோ எழுந்தான்.
வேப்பேரியின் இன்னொருவன் மூன்று,
ராயபுரத்தின் இன்னொருவன் இரண்டு.
விழுந்த இருவருக்கும் ஒன்றுமில்லை.
ஒரு புள்ளியில் கோப்பை போனது.
சாக்பீஸ் இரண்டாய் உடைய
ஜமாலுதீன் பெயருக்கு நேரே சுழித்தேன்.
அன்றிரவே மழை பிடித்து
பலகையைக் கழுவிவிட்டது.

திங்கட்கிழமை
அட்டை புதுப்பிக்க வந்த வரிசையில் அவன்.
இடது முழங்கையில் கட்டு.
நபர்கள் என்ற கட்டத்தில் ஐந்து இருந்தது.
ஆறு என்று எழுதினேன்.
ஒரு வருஷத்துக்கு, நாளொன்றுக்குப் பத்து அவுன்ஸ்;
வேலை போகக்கூடிய குற்றம்.
முத்திரை குத்தி நீட்டினேன்,
நிமிர்ந்து பார்க்காமல்.

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.
'நம்ம வூட்ல அஞ்சு பேர்தான் சார்.'
நகக்கண்ணில் சாம்பல் இன்னும் போகவில்லை.
சிவப்பு மையால் அடித்தேன்.
வாங்கிக்கொண்டு குனிந்து, ரகசியம் மாதிரி சொன்னான்:
'பலகைல எழுதுறது நீங்கதானே?
சுழிய மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடுங்க சார்.
பீச் ஸ்டேஷன் வரைக்கும் தெரியுது.'

அடுத்த ஆள், என்றேன்.
குரல் வரவில்லை.
மறுபடி சொன்னேன்.